கிராஸ்மனின் நோட்டுப் புத்தகம்

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கூட்டம் நெரியும். எல்லார் கையிலும் ஒரே நோட்டின் நகல். அழகான கையெழுத்து, அடிக்கோடிட்ட தலைப்புகள், ஸ்கேல் வைத்துப் போட்ட படங்கள். நோட்டுக்குச் சொந்தக்காரர், ஒரு நாளும் வகுப்புக்கு மட்டம் போடாத யாரோ ஒருவர். அவர் புண்ணியத்தில் பாதி வகுப்பு தேறிவிடும். இருபது வருடம் கழித்து ஏதாவது கல்யாண வீட்டில் சந்தித்தாலும், "உன் நோட்டு மட்டும் இல்லேன்னா எனக்கு அரியர்தான்டா" என்ற பேச்சு ஒருமுறையாவது வந்துவிடும்.

1890களின் கடைசியில், சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில், அப்படிப்பட்ட நோட்டு மார்செல் கிராஸ்மன் என்ற கணித மாணவரிடம் இருந்தது. ஜெராக்ஸ் இயந்திரம் வராத காலம். அதனால் அசல் நோட்டே கைமாறியது. அதை வாங்கிக்கொண்டு போய்ப் படித்தவர் பெயர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன்.

இருவரும் 1896இல் சூரிச் பாலிடெக்னிக்கில் சேர்ந்தவர்கள். பெயரைப் பார்த்து நம் ஊர் டிப்ளமோ படிப்பை நினைத்துவிடக் கூடாது, இ.டி.எச். என்று இன்று உலகம் அறியும் பல்கலைக்கழகம்தான் அது. கணிதமும் இயற்பியலும் படித்த அந்தப் பிரிவு மிகச் சிறியது. 1900இல் இறுதித் தேர்வு எழுதியவர்களே ஐந்து பேர்தான். ஐன்ஸ்டைன் பிடித்ததைத் தன் அறையில் உட்கார்ந்து தானாகவே படிப்பார், ஆய்வகத்தில் மணிக்கணக்கில் இருப்பார், மற்ற வகுப்புகளுக்குப் போகமாட்டார். பேராசிரியர்களுக்கு அவர்மேல் அவ்வளவாக நல்லெண்ணம் இல்லை. கிராஸ்மன் நேர் எதிர். ஒழுங்கானவர், ஆசிரியர்களுக்குப் பிடித்தவர், எதையும் முறையாகச் செய்பவர்.

1898இல் இடைநிலைத் தேர்வு வந்தது. நண்பரின் நோட்டைப் படித்துவிட்டுப் போன ஐன்ஸ்டைன் 6க்கு 5.7 வாங்கி முதலிடம் பிடித்தார். நோட்டை எழுதிய கிராஸ்மனுக்கு 5.6, இரண்டாவது இடம். நட்பு அதனால் துளியும் கசக்கவில்லை.

அந்த நட்பு பிறகு இரண்டு முறை ஐன்ஸ்டைனைக் கைதூக்கி விட்டது. ஒருமுறை வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லாதபோது. இன்னொருமுறை, வாழ்நாளின் மிகப் பெரிய அறிவியல் சிக்கலில் மாட்டிக்கொண்டு நின்றபோது. கடிதங்களும் ஆவணங்களும் பத்திரமாக இருப்பதால் இந்த உதவிகளை ஏறக்குறைய மாதம் மாதமாகத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. கல்லூரியில் முளைக்கும் நட்பு ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது, நெருக்கடியில் அது எப்படி வேலை செய்கிறது என்பதை உளவியலாளர்களும் சமூகவியலாளர்களும் கடந்த எழுபது ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். சூரிச் நண்பர்களின் கதையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் அந்த ஆய்வுகளின் எண்களுக்கு உயிர் வந்துவிடுகிறது.

இருநூறு மணி நேரம்

வாரத்துக்கு ஒருமுறை கிராஸ்மனும் ஐன்ஸ்டைனும் லிம்மாட் ஆற்றங்கரையில் இருந்த மெட்ரோபோல் காபிக்கடைக்குப் போவார்கள். பாடம் மட்டுமல்ல, கண்ணைத் திறந்துகொண்டு உலகத்தைப் பார்க்கும் இளைஞர்களுக்கு என்னவெல்லாம் ஈர்ப்பாக இருக்குமோ அத்தனையும் பேச்சில் வரும். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஐன்ஸ்டைனுக்கு அந்தக் கடையின் பெயர் மறக்கவில்லை.

நட்பு எப்படித் தொடங்குகிறது என்பதற்கான பழைய ஆய்வுகளில் ஒன்றும் ஒரு கல்லூரி வளாகத்தில்தான் நடந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனம், திருமணமான மாணவர்களுக்காக வெஸ்ட்கேட் என்ற குடியிருப்பைக் கட்டியிருந்தது. யாருக்கு எந்த வீடு என்பதில் தேர்வுக்கு இடமில்லை; வந்தது கிடைத்தது. லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய இரு சகாக்களும் 1950இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒரே தளத்தில் அடுத்த கதவுக்காரர்கள் நெருங்கிய நண்பர்களாகும் வாய்ப்பு 41 சதவீதம். ஒரு வீடு தள்ளி இருந்தால் 22. தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தால் வெறும் 10. இடையிலிருந்த தூரமோ சில அடிகள்தான். ஹாஸ்டலில் ஆங்கில எழுத்து வரிசைப்படி அறை ஒதுக்கியதால் வாழ்நாள் நண்பர் கிடைத்தவர்களுக்கு இந்த எண்கள் ஆச்சரியம் தராது.

பக்கத்தில் இருப்பது தொடக்கம்தான். அதன்பின் தேவைப்படுவது நேரம். எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டுப் பார்த்தவர் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால். புதிய ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும் வைத்து அவர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராவதற்குச் சுமார் 50 மணி நேரம் ஆனது. நண்பராவதற்குச் சுமார் 90. நெருங்கிய நண்பராவதற்கு 200க்கும் மேல். வேலை பார்க்கத் தொடங்கியவர் ஒரு புது நண்பருக்கு வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் இருநூறைத் தொட இரண்டு வருடம் ஆகும். ஒரே அறையில் தங்கி, ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே பேருந்தில் தொங்கிக்கொண்டு போகும் கல்லூரி மாணவர்களுக்குச் சில வாரங்களே போதும்.

ஹாலின் ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. வகுப்பறையிலோ வேலையிலோ சேர்ந்து கழித்த நேரம் நெருக்கத்தை அவ்வளவாக வளர்க்கவில்லை. சும்மா இருந்த நேரம், சேர்ந்து சாப்பிட்ட நேரம், கேலியும் கிண்டலுமாகக் கழித்த நேரம்தான் வளர்த்தது. சூரிச் நண்பர்களைக் கட்டிப்போட்டதில் விரிவுரை அரங்குக்கு இருந்த பங்கைவிட மெட்ரோபோல் காபிக்கடைக்கு இருந்த பங்கு பெரிதாக இருந்திருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறான் என்று பிள்ளையைத் திட்டும் பெற்றோர், அங்கே என்ன சேமிக்கப்படுகிறது என்பதையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

வேலை கிடைக்காத நாட்கள்

1900 ஜூலையில் இறுதித் தேர்வு முடிவு வந்தது. ஐந்து பேரில் நால்வர் தேறினார்கள். ஐன்ஸ்டைன் நான்காவது, சராசரி 4.91. தேறாமல் போன ஐந்தாமவர், பின்னாளில் ஐன்ஸ்டைனின் மனைவியான மிலேவா மாரிச். தேறிய மற்ற மூவருக்கும், கிராஸ்மன் உட்பட, அதே கல்லூரியில் உதவியாளர் வேலை கிடைத்தது. ஐன்ஸ்டைனை எந்தப் பேராசிரியரும் கூப்பிடவில்லை.

அவர் ஐரோப்பா முழுவதும் விண்ணப்பக் கடிதங்கள் அனுப்பினார். பதிலே வரவில்லை. அப்பாவின் தொழிலும் நொடித்துக்கொண்டிருந்தது. மகன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் தந்தை ஹெர்மன் ஐன்ஸ்டைன், 1901 ஏப்ரல் 13 அன்று, மகனுக்குத் தெரியாமல், லைப்சிக் நகரின் புகழ்பெற்ற வேதியியல் பேராசிரியர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். மகனுக்கு ஊக்கமாக நாலு வார்த்தையாவது எழுதுங்கள், முடிந்தால் ஓர் உதவியாளர் வேலை கொடுங்கள் என்று முன்பின் தெரியாதவரிடம் ஒரு தகப்பன் கெஞ்சிய கடிதம் அது.

அதே நாட்களில்தான் கிராஸ்மனின் கடிதம் வந்து சேர்ந்தது. கிராஸ்மன் தன் நண்பனின் நிலைமையைத் தன் அப்பாவிடம் சொல்லியிருந்தார். அப்பாவுக்குப் பெர்ன் நகரில் இருந்த சுவிஸ் காப்புரிமை அலுவலகத்தின் இயக்குநர் ஃபிரெடரிக் ஹாலரைத் தெரியும். அங்கே இடம் காலியாகும்போது ஐன்ஸ்டைனைப் பரிந்துரைப்பதாக ஏற்பாடு. ஏப்ரல் 14 அன்று ஐன்ஸ்டைன் எழுதிய பதிலில், அதிர்ஷ்டம் கைவிட்ட பழைய நண்பனை நீ மறக்கவில்லையே என்ற நெகிழ்ச்சி தெரிகிறது.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. தற்காலிக ஆசிரியர் வேலை, தனிப்பயிற்சி என்று இன்னும் ஓராண்டுக்கு மேல் தள்ளாடினார். 1902 ஜூனில்தான் "மூன்றாம் நிலை தொழில்நுட்ப நிபுணர்" என்ற பதவியில், ஆண்டுக்கு 3,500 பிராங்க் சம்பளத்தில் சேர்ந்தார். அந்த அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் 1905இல் ஒளித்துகள், பிரௌனியன் இயக்கம், சிறப்புச் சார்பியல் ஆகியவை பற்றிய கட்டுரைகளை எழுதினார். கிராஸ்மன் அந்த வேலைக்கு வழிசெய்திராவிட்டால் தான் செத்துப்போயிருக்கமாட்டேன், ஆனால் அறிவளவில் வாடிப்போயிருப்பேன் என்பது பின்னாளில் அவரே சொன்ன கருத்து.

வேலை தேடுபவருக்கு உதவி எங்கிருந்து வருகிறது என்பதை ஆராய்ந்து புகழ்பெற்ற கட்டுரை, சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதியது. பாஸ்டன் அருகே புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: தகவல் சொன்னவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள்? அடிக்கடி என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. தினமும் பார்க்கும் நண்பருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். வேறு வட்டத்தில் புழங்குபவருக்குத்தான் புதிய செய்தி தெரியும். அப்படி எப்போதாவது பார்க்கிற, ஆனால் தொடர்பு அறுந்துவிடாத மனிதர்களுக்குக் கிரானோவெட்டர் கொடுத்த உதாரணங்களில் முதலாவது, பழைய கல்லூரி நண்பர்.

உறங்கிக் கிடக்கும் உறவு

ஆனால் தொடர்பு குறைந்தவர் எதற்காக நமக்காக மெனக்கெட வேண்டும்? செய்தி தெரிந்திருப்பது வேறு, அக்கறை இருப்பது வேறு. இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றவர்கள் டேனியல் லெவின், ஜோர்ஜ் வால்டர், கீத் மர்னிகன் என்ற மூன்று ஆய்வாளர்கள். 2011இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளிடம் ஒரு வேலை கொடுத்தார்கள். குறைந்தது மூன்று வருடமாகப் பேசாத பழைய தொடர்புகளைத் தேடிப் பிடித்து, இப்போது கையிலிருக்கும் ஒரு சிக்கலுக்கு யோசனை கேட்க வேண்டும். தயங்கித் தயங்கித்தான் பலர் பேசினார்கள். கிடைத்த யோசனைகளோ, இப்போது பழகிக்கொண்டிருப்பவர்கள் சொன்னதைவிடப் புதுமையாக இருந்தன. முன்பு நெருக்கமாக இருந்தவர்களிடம் நம்பிக்கையும் பெரிதாகக் குறையவில்லை. உறவு செத்துவிடவில்லை, உறங்கிக்கொண்டிருந்தது. எழுப்பியதும், விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கல்லூரி வகுப்பு என்பது இந்த விதத்தில் ஒரு விசேஷமான கூட்டம். மூன்று நான்கு வருடம் ஒரே இடத்தில் வேரூன்றி, பிறகு ஒரே நாளில் நாலா திசைக்கும் சிதறும் கூட்டம். ஒருவர் வங்கியில், ஒருவர் வருவாய்த் துறையில், ஒருவர் துபாயில், ஒருவர் ஊரிலேயே அப்பாவின் கடையில். நெருக்கம் வேரில் இருக்கிறது. புதிய செய்தியும் புதிய கைகளும் கிளைகளில் இருக்கின்றன. நெருங்கிய உறவு, தூரத்து உறவு இரண்டின் பலனும் ஒன்றாகச் சேரும் இடம் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

2021 ஏப்ரல், மே மாதங்களில் கொரோனா இரண்டாவது அலை உச்சத்தில் இருந்தபோது நாடெங்கும் இதைக் கண்கூடாகப் பார்க்க முடிந்தது. பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கமும் மட்டுமே வந்துகொண்டிருந்த கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் நள்ளிரவில் செய்திகள் வரத் தொடங்கின. அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 84, எங்கேயாவது படுக்கை இருக்கிறதா? பதினைந்து வருடமாகக் குரலே கேட்காத ஒருவர், தன் மாமனார் ஊர் ஆஸ்பத்திரியில் பேசிவிட்டு "ஆம்புலன்ஸ கெளப்பு, நான் வாசல்ல நிக்கிறேன்" என்று பதில் போடுவார். சிலிண்டர், மருந்து, பிளாஸ்மா, கடைசியில் சுடுகாட்டில் கூட நிற்க ஓர் ஆள் வரை, அந்த வாரங்களில் கேட்டவர்களும் கொடுத்தவர்களும் எண்ணற்றவர்கள்.

நட்பைப் பற்றி மட்டும் அடுத்தடுத்து ஐந்து அதிகாரங்கள் எழுதிய வள்ளுவர், அவற்றில் ஒன்றுக்குப் "பழைமை" என்று பெயர் வைத்தார். 81ஆவது அதிகாரம். நீண்ட காலம் பழகியவர்களுக்கு இடையே தானாக வந்துவிடும் உரிமைதான் அதன் பொருள். கேட்காமலே செய்வதும், செய்ததைக் குறையாக எடுத்துக்கொள்ளாததும் அந்த உரிமையில் அடங்கும். நண்பனின் பிழைப்புக்காகத் தன் அப்பாவிடம் போய் நின்ற கிராஸ்மன் எடுத்துக்கொண்டது அந்த உரிமையைத்தான்.

வளைந்த வெளிக்கு ஒரு கணக்கு

1912இல் ஐன்ஸ்டைன் பிராக் நகரிலிருந்து மீண்டும் சூரிச்சுக்கு வந்தார், இந்த முறை பேராசிரியராக. அவரைக் கொண்டுவருவதில் கிராஸ்மனுக்கும் பங்கு உண்டு. அவர் அப்போது அங்கே வடிவியல் பேராசிரியர், துறையின் தலைவரும்கூட.

ஐன்ஸ்டைன் தலையில் ஒரு பெரிய யோசனை இருந்தது. ஈர்ப்பு என்பது பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும் விசை அல்ல. நிறை இருக்கும் இடத்தில் வெளியும் காலமும் வளைகின்றன, அந்த வளைவைத்தான் நாம் ஈர்ப்பாக உணர்கிறோம். யோசனை பிரமாதம். ஆனால் அதை எழுதத் தேவையான கணிதம் அவர் கையில் இல்லை. பள்ளியில் படிக்கும் வடிவியல் தட்டையான தாளுக்கு மட்டுமே பொருந்தும். தாளில் வரைந்த முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 டிகிரி. ஒரு பூமி உருண்டையை எடுத்து, வட துருவத்திலிருந்து செங்கோணத்தில் பிரியும் இரண்டு கோடுகளைப் பூமத்தியரேகை வரை இழுத்து முக்கோணம் வரைந்தால் மூன்று கோணமும் 90, கூட்டினால் 270. உருண்டைக்கே இப்படியென்றால், இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் வளையும் நான்கு பரிமாண வெளிக்கு என்ன கணக்குப் போடுவது?

அவர் நேராகப் பழைய வகுப்புத் தோழரிடம் போனார். நீ உதவாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவர் சொன்னதாக, அவர்களுடன் படித்த லூயி கோல்ரோஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கிராஸ்மன் நூலகத்துக்குள் புகுந்து தேடினார். ஜெர்மானியக் கணிதர் ரீமன் 1854இல் தொடங்கிவைத்த வடிவியலையும், அதன்மேல் இத்தாலியர்களான ரிச்சியும் லெவி-சிவிட்டாவும் 1901இல் வெளியிட்ட கணித முறையையும் கொண்டுவந்து நண்பர் முன்னால் வைத்தார். இன்று டென்சார் கணிதம் என்று அழைக்கப்படுவது அதுதான். இயற்பியல் பகுதிக்குத் தான் பொறுப்பேற்க முடியாது என்ற நிபந்தனையோடு கிராஸ்மன் வேலையில் இறங்கினார்.

1913இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் அந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. இயற்பியல் பகுதி ஐன்ஸ்டைன் பெயரில், கணிதப் பகுதி கிராஸ்மன் பெயரில். அதிலிருந்த சமன்பாடுகள் முழுக்கச் சரியாக அமையவில்லை. ஐன்ஸ்டைன் பெர்லினுக்குப் போன பிறகு, 1915 நவம்பரில், சூரிச்சில் கிராஸ்மனோடு தொட்டுவிட்டு விட்டுவந்த வழிக்கே திரும்பிச் சரியான சமன்பாடுகளை எட்டினார். பொதுச் சார்பியல் பிறந்தது. இன்று கைபேசி வரைபடத்துக்கு இடம் காட்டும் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களைத் திருத்துவதற்கும் அந்தச் சமன்பாடுகள் தேவைப்படுகின்றன.

இந்தக் கதையில் இன்னொரு நண்பரும் உண்டு. மிக்கேலே பெஸ்ஸோ, அதே பாலிடெக்னிக்கில் பொறியியல் படித்தவர். மாணவப் பருவத்தில் சூரிச்சில் ஓர் இசை மாலையில் அறிமுகமானவர். பிறகு ஐன்ஸ்டைன் சொல்லித்தான் காப்புரிமை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1905இன் சார்பியல் கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லப்பட்டிருப்பது ஒரே ஒருவருக்கு: பெஸ்ஸோவுக்கு. புதன் கோளின் பாதையை வைத்துப் புதிய ஈர்ப்புக் கொள்கையைச் சோதிக்க இருவரும் சேர்ந்து போட்ட கணக்குத் தாள்களை பெஸ்ஸோ எறியாமல் வைத்திருந்தார். 54 பக்கங்கள் கொண்ட அந்தக் கையெழுத்துப் பிரதி 2021 நவம்பரில் பாரிஸில் ஒரு கோடியே பதினாறு லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

பெஸ்ஸோவின் உதவி கணக்கோடு நிற்கவில்லை. ஐன்ஸ்டைனின் மணவாழ்க்கை முறிந்து, 1916இல் மிலேவா சூரிச்சில் உடல்நலம் குன்றிக் கிடந்தபோது, அவரையும் இரு மகன்களையும் அருகிலிருந்து கவனித்தவர்களில் பெஸ்ஸோவும் ஒருவர். பெர்லினிலிருந்து ஐன்ஸ்டைன் மனைவியைப் பற்றிக் கடுமையாக எழுதியபோது, மிலேவா பக்கத்து நியாயத்தை அவரிடம் எடுத்துச் சொல்லவும் பெஸ்ஸோ தயங்கவில்லை.

நண்பர் பக்கத்தில் இருந்தால் உடம்பில் என்ன நடக்கிறது

நண்பர் வந்து ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே தெம்பாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரவைக் கழித்தவர்கள் சொல்வார்கள். ரத்தத்திலும் உமிழ்நீரிலும் அதற்குத் தடயம் இருக்கிறது. நெருக்கடி வந்தால் அட்ரினல் சுரப்பி கார்டிசால் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது; உடம்பைச் சுதாரிக்க வைக்கும். வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் தூக்கம், நோய் எதிர்ப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் கெடும்.

மார்கஸ் ஹைன்ரிக்ஸ் தலைமையில் 2003இல் வெளியான ஆய்வு நடந்ததும் சூரிச்சில்தான். 37 ஆண்களை அந்நியர் குழு முன்னால் பேசவைத்து, மனக்கணக்குப் போடவைத்தார்கள். யாருக்கும் வியர்க்கவைக்கும் சோதனை. சிலர் தனியாகத் தயாரானார்கள். சிலர் தங்கள் உற்ற நண்பரை உடன் வைத்துக்கொண்டு தயாரானார்கள். நண்பர் இருந்தவர்களின் கார்டிசால் அளவு தனியாக இருந்தவர்களைவிடக் குறைவாகவே ஏறியது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோனையும் மூக்கு வழியாகப் பெற்றவர்களிடம் அமைதி இன்னும் கூடுதல்.

நீண்ட கால விளைவைப் பார்த்தவர் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட். அவரும் சகாக்களும் 148 ஆய்வுகளை, அதாவது 3,08,849 மனிதர்களின் தகவல்களை, ஒன்றுசேர்த்து 2010இல் அலசினார்கள். சராசரியாக ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், வலுவான சமூக உறவுகள் உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதல். குடும்பம், நட்பு, அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. புகைப்பதை நிறுத்துவதால் கிடைக்கும் பலனுக்குச் சமமாக வைத்துப் பேசத் தக்க அளவு.

கை ஏன் தயங்குகிறது

இவ்வளவு பலன் இருந்தும், பழைய நண்பரின் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. இத்தனை வருடம் பேசவில்லை, இப்போது காரியம் என்று வந்தால் பேசுகிறேன் என்று நினைப்பானோ?

பள்ளி முடித்துக் கல்லூரிக்கும் வேலைக்கும் பிரிந்த பிரிட்டன் இளைஞர்களை ராபின் டன்பாரும் சாம் ராபர்ட்ஸும் 18 மாதம் பின்தொடர்ந்தார்கள். சொந்தக்காரர்களுடனான நெருக்கம் அப்படியே இருந்தது. நண்பர்களுடனான நெருக்கம், கவனிக்காவிட்டால், சரிந்தது. சரியாமல் காத்தது எது என்பதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இருந்தது. பெண்களுக்குப் பேச்சு உதவியது. ஆண்களுக்கு வெறும் பேச்சு போதவில்லை. சேர்ந்து விளையாடுவது, ஊர் சுற்றுவது போன்று கூடிச் செய்யும் காரியம் தேவைப்பட்டது. வருடத்துக்கு ஒருமுறை ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து குற்றாலமோ கொடைக்கானலோ போய்வருவதை வீட்டில் யாராவது வீண் செலவு என்று சொன்னால், இந்த ஆய்வை எடுத்துக் காட்டலாம்.

தயக்கத்தையே நேராக அளந்த ஆய்வு 2024இல் வந்தது. லாரா ஆக்னின், கில்லியன் சாண்ட்ஸ்டிராம் இருவரும் கிட்டத்தட்ட 2,500 பேரிடம் செய்த ஆய்வுகள் அவை. தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவராவது பெரும்பாலோருக்கும் இருந்தார். எண் இருக்கிறது, பேச ஆசை இருக்கிறது, அந்த நண்பரும் விரும்புவார் என்ற நினைப்பும் இருக்கிறது. செய்தியைத் தட்டச்சு செய்ய நேரமும் கொடுத்தார்கள். அப்படியும் அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு சின்ன வழி மட்டும் பலித்தது: இப்போது பழகும் நண்பர்களுக்குச் சில நிமிடம் செய்தி அனுப்பிவிட்டு, அந்தச் சூட்டோடு பழைய நண்பருக்கு எழுதச் சொன்னபோது, பாதிக்கும் மேற்பட்டோர் அனுப்பிவிட்டார்கள்.

உதவி கேட்பதிலும் இதே தப்புக்கணக்குதான். பிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா போன்ஸ் இருவரும் 2008இல் வெளியிட்ட சோதனைகளில், ஐந்து பேரைச் சம்மதிக்கவைக்க இருபது பேரிடமாவது கேட்கவேண்டி வரும் என்று மாணவர்கள் நினைத்தார்கள். பத்துப் பேரிடம் கேட்டதுமே ஐந்து பேர் கிடைத்தார்கள். அதுவும் முன்பின் தெரியாதவர்கள்.

சொல்லாமல் விட்ட நன்றி

உதவி வந்து, நெருக்கடி கடந்து, வாழ்க்கை பழையபடி ஓடத் தொடங்கியதும் நன்றி சொல்வது தள்ளிப்போகும். "நமக்குள்ள என்னடா தேங்க்ஸ்" என்பது தமிழ் நட்பின் இலக்கணம் மாதிரி ஆகிவிட்டது. அமித் குமாரும் நிக்கலஸ் எப்லியும் 2018இல் வெளியிட்ட ஆய்வுகளில், தங்களுக்கு நல்லது செய்த ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கடிதம் பெற்றவர்களையும் விசாரித்தார்கள். எழுதியவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பெற்றவர்கள் அதிகம் வியந்தார்கள், அதிகம் மகிழ்ந்தார்கள். சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் பயந்தார்கள். அந்தச் சங்கடமோ சொற்பம். நல்ல வார்த்தை வரவில்லையே என்று எழுதியவர் கவலைப்பட, அந்த அன்பையே பெற்றவர் பார்த்தார்.

ஐன்ஸ்டைன் முதல் நன்றியைச் சீக்கிரமே சொல்லிவிட்டார். 1905இல் சூரிச் பல்கலைக்கழகத்துக்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டை, நண்பர் மார்செல் கிராஸ்மனுக்கு என்று காணிக்கையாக்கினார். மூலக்கூறுகளின் அளவைக் கணக்கிடும் ஆய்வேடு அது.

கிராஸ்மனின் பிற்காலம் துயரமானது. நரம்புகளைத் தளர்த்தும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக முடக்கியது. 1927இல் பேராசிரியர் பதவியை விட்டார். 1936 செப்டம்பரில் இறந்தபோது வயது 58. அமெரிக்காவில் இருந்த ஐன்ஸ்டைன், கிராஸ்மனின் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அந்த மாணவ நாட்களுக்கே திரும்பிப் போனார். எல்லாரும் மெச்சிய மாணவராகக் கிராஸ்மனையும், ஒழுங்கில்லாத கனவுக்காரனாகத் தன்னையும் நினைவுகூர்ந்து, வாழ்நாள் முழுக்க நண்பர்களாகவே இருந்தோம் என்று எழுதினார்.

அது போதும் என்று அவருக்குத் தோன்றவில்லை போலும். 1955இல் பாலிடெக்னிக்கின் நூற்றாண்டு வந்தது. மலருக்காகத் தன் வாழ்க்கையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார். 76ஆவது வயது, மார்ச் மாதம். மட்டம் போட்ட வகுப்புகள், தேர்வில் கரைசேர்த்த நோட்டுகள், மெட்ரோபோல் காபிக்கடை, பெர்ன் வேலை, வளைந்த வெளியின் கணிதம் எல்லாம் அதில் வருகின்றன. வாழ்நாளில் ஒருமுறையாவது மார்செல் கிராஸ்மனுக்கு நன்றி சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்புதான் தன்னை இதை எழுதத் துணியவைத்தது என்று அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிட்டார். கிராஸ்மன் இறந்து அப்போது பதினெட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மார்ச் 15 அன்று ஜெனீவாவில் பெஸ்ஸோவும் இறந்துபோனார். ஏப்ரல் 18 அன்று ஐன்ஸ்டைன்.

நேர்த்தியான கையெழுத்தில் கிராஸ்மன் எழுதிய அந்த வகுப்புக் குறிப்புகள் சூரிச்சில், இருவரும் படித்த அதே கல்வி நிலையத்தின் நூலகத்தில், இன்னும் இருக்கின்றன.